பூசைக்கு நிறுத்திய கம்ப்யூட்டர்

பூபாலனின் சிடி பைக்குத் திருப்பூரில் இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. ஜிப் வைத்த கறுப்புப் பை. அதைத் திறந்தால் விண்டோஸில் தொடங்கி கார் ஓட்டும் விளையாட்டு வரை அத்தனையும் உறையில் போட்டு வரிசையாக இருக்கும். பனியன் கம்பெனிக்காரர்கள் ஒரு போன் போட்டால் போதும், பைக்கை முறுக்கிக்கொண்டு வந்துவிடுவான். சிடியை உள்ளே தள்ளுவான், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டுவான், உறையின் மேல் பேனாவில் கிறுக்கியிருக்கும் சாவி எண்ணை அடிப்பான். சொன்ன டீ வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். அந்த சாஃப்ட்வேர் யாருடையது, எங்கிருந்து வந்தது, கூடவே வேறு என்னென்ன உள்ளே இறங்கியது என்று ஒருவரும் கேட்டதில்லை. பூபாலன் கெட்ட மனுஷன் இல்லை. கேட்டதைக் கொடுத்தான், அவ்வளவுதான்.

கேட்காததையும் யோசிக்கிற ஆள் தமிழ்மதி. சுப்பையன் முதலாளியின் பனியன் கம்பெனியில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. போன சீசனில் யாரோ சொருகிய பென் டிரைவில் இருந்து வைரஸ் ஏறி, ஏற்றுமதிக் கோப்புகளெல்லாம் ஒரே நாளில் காற்றோடு போயின. பூபாலன் வந்து மொத்தத்தையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். அடுத்த மாதமே பழைய கதை. அதற்குமேல் பொறுக்க முடியாமல் அவள் முதலாளியிடம் போய் லினக்ஸ் போடலாம் என்றாள்.

சுப்பையனுக்கு லினக்ஸ் என்ற பேரே புதிது. அது இலவசம் என்றதும் சந்தேகம்தான் வந்தது. சும்மா கிடைப்பதை அவர் என்றைக்கும் நம்பியதில்லை. அவரைக் கவிழ்த்தது வேறொரு சங்கதி.

"ஏனம்முணி, நெசமாவே என்னையக் கேக்காம ஒருத்தனும் இதுக்குள்ள ஒண்ணும் ஏத்த முடியாதா?"

"முடியாதுங்க. பாஸ்வேர்டு கேக்கும். நீங்க அடிச்சாத்தான் ஏத்தும்."

"அது உனக்குக்கூடத் தெரியக் கூடாது."

"வேண்டாங்க, நீங்களே வெச்சுக்குங்க. எழுத்தும் நம்பரும் கலந்து வெச்சா இன்னும் நல்லதுங்க."

"நம்பரெல்லாம் எனக்கு ஆகாது. வெறும் எழுத்துதான்" என்று அன்றே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அடைந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! புதிதாக ஏதாவது ஏற்ற வேண்டுமென்றால் கட்டிங் டேபிளில் இருந்தே அவரைக் கூப்பிட வேண்டும். மேலில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு வருவார். எல்லோரும் மறுபக்கம் திரும்பி நிற்க வேண்டும். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவார். திரையில் வரிசையாகப் புள்ளிகள் விழும். கல்லாப்பெட்டியைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிய நிம்மதி முகத்தில் தெரியும்.

ஏற்றுகிற விதமும் வேறு. சிடி கிடையாது. பேரைச் சொன்னால், நெட்டில் இருக்கும் ஒரு பெரிய குடோனில் இருந்து அந்த சாஃப்ட்வேரும், அதற்குத் துணையாக என்னென்ன வேண்டுமோ அதுவும் தானே வந்து இறங்கும். பூபாலன் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்து தன் சிடியைத் தள்ளிப் பார்த்தான். கம்ப்யூட்டர் அதைத் திறந்து காட்டியதே தவிர ஏற்றவில்லை. "என்ன தமிழு, குடுத்தாக்கூட வாங்க மாட்டீங்குது, இத்தனை வீம்பா இருக்குது" என்று சிரித்தான். ஆனால் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

முதலாளியைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையார் சுழி போடாமல் அவர் எதையும் எழுதமாட்டார். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து அடிக்கத் தெரியாததால், கிட்டத்தட்ட அதே வடிவில் இருக்கிறதே என்று எண் வரிசையில் உள்ள 2ஐத் தட்டிவிடுவார். அவர் அனுப்பும் எந்தக் கடிதத்தின் தலையிலும் ஒரு 2 உட்கார்ந்திருக்கும். சரக்கு வாங்கும் ஜெர்மனிக்கார பையர் ஒருமுறை, இரண்டாம் பக்கம் வந்து சேர்ந்தது, முதல் பக்கத்தையும் அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்டிருந்தார். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி மட்டும், "அவனுக்கு என்ன தெரியும்?" என்று அடுத்த கடிதத்திலும் 2 போட்டார்.

தமிழ்மதிக்கு ஓர் ஆசை இருந்தது. சம்பளத்துக்கு இருந்தது போதும், சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை போட வேண்டும், கம்பெனி கம்பெனியாகப் போய் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்துப் பராமரிக்க வேண்டும். ஆனால் இந்த ஊரில் போர்டு மாட்டினால் வேலை வராது. ஒரு முதலாளி தன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால்தான் வரும். அந்த வார்த்தையைத்தான் அவள் சுப்பையனிடம் கேட்டிருந்தாள். அவரும் பிடி கொடுத்துப் பேசியிருந்தார்.

"விஜயதசமி அன்னைக்கு எங்க சம்மந்தி அங்கமுத்து வர்றாரு. அவிநாசிபாளையத்துல அவருக்கு ரெண்டு யூனிட்டு. அன்னைக்குக் காத்தால மெஷினுகளோட சேத்து இந்தக் கம்ப்யூட்டரையும் நாந்தான் தொறந்து வெப்பேன். தடங்கலில்லாம ஓடுச்சுன்னா அங்கயே சொல்லிப்போடறேன், நம்ம யூனிட்டும் அவரு யூனிட்டும் உன்ற பொறுப்புன்னு. நின்னுபோச்சுன்னா கடைப் பேச்சை உட்டுப்போடோணும். சரியா?"

"சரிங்க" என்றாள் தமிழ்மதி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஆயுத பூசை அன்று காலையில்தான் அந்த ஜெர்மனிக்காரரிடம் இருந்து மெயில் வந்தது. பெட்டிகள் மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் இனி பார்கோடு இருந்தே ஆக வேண்டுமாம். கண்டெய்னர் ஏற்றுவது விஜயதசமிக்கு மறுநாள். பார்கோடு அச்சடிக்கும் சாஃப்ட்வேர் குடோனில் இருக்கிறதா என்று தேடினாள், இருந்தது. முதலாளியைக் கூப்பிட்டு பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லி ஏற்ற ஆரம்பித்தாள். நெட் அன்றைக்குப் பார்த்து நத்தையாக ஊர்ந்தது. எல்லாம் வந்து சேர்ந்து, பிரித்து உள்ளே வைக்கும் வேலை தொடங்கிய நேரத்தில், பொரி கடலை பங்கு பிரிக்க ஆள் வேண்டுமென்று முதலாளியம்மா ரங்காத்தாள் கூப்பிட்டுவிட்டார். தமிழ்மதி ஒரு தாளில் "அணைக்க வேண்டாம்" என்று பெரிதாக எழுதித் திரையில் ஒட்டிவிட்டுப் போனாள்.

ரங்காத்தாள் சும்மா இருப்பாரா? ஓவர்லாக் தையல் மெஷினுக்கு வைத்த அதே சந்தனம், குங்குமத்தை மானிட்டருக்கும் வைத்தார். பெரிய செவ்வந்தி மாலையாக எடுத்துக் குறுக்கே போட்டார். தாள் மாலைக்குள் ஒளிந்துகொண்டது. பின்னாலேயே சுப்பையன் வந்தார். பூசை நாளில் ஆயுதங்களுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், எந்த மெஷினும் ஓடக் கூடாது. மெயின் சுவிட்சை இறக்கினார். ஆபீஸில் மட்டும் ஏதோ கீச்சு கீச்சு என்று கத்துவதைக் கேட்டு, யுபிஎஸ் பேட்டரிப் பெட்டியையும் பொறுப்பாக அணைத்தார். அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

கையில் பொரித் தட்டோடு உள்ளே வந்த தமிழ்மதி வாசலிலேயே நின்றாள். கறுத்துப்போன திரை, செவ்வந்தி மாலை, குங்குமம்.

"மொதலாளி, பாதி ஏறிட்டு இருந்துச்சுங்க. அஞ்சு நிமிசம் போட்டுக்கறேன். முடிச்சுட்டு அணைச்சுடலாமுங்க."

"பூசை போட்டாச்சு கண்ணு. சந்தனம் வெச்ச ஆயுதத்தை நாளைக்குக் காத்தாலதான் தொடோணும். நான் சொல்லி நீ தெரியோணுமா?"

"அப்படீன்னா நாளைக்கு நீங்க தொறக்கறப்ப, பாதியில நின்னுபோச்சுன்னு ஒரு சேதி வருமுங்க. பயப்பட வேண்டியதில்லை. ஒரு வரி அடிச்சா உட்ட எடத்துல இருந்து அதுவே முடிச்சுக்கும். எல்லாம் உள்ள வந்து சேந்துருச்சு, நெட்டுகூட வேண்டியதில்லீங்க."

மறைத்து வைத்து மறுநாள் மழுப்பியிருக்கலாம். அவளுக்கு அது வராது. ஆனால் உண்மையைச் சொன்னதற்குக் கைமேல் பலன் கிடைத்தது. சுப்பையனின் முகம் சுருங்கிப்போனது.

"நல்ல நாளும் அதுவுமா, மொத மொதல்ல தொறக்கறப்பவே தடங்கலுன்னு காட்டுமா? ஒறம்பரை சனம் அத்தனை பேரு முன்னாடியுமா? வருசம் பூராவும் உருப்படுமா அது?"

பூசைக்கு வந்திருந்த பூபாலன் வாயில் சுண்டலோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். "நான் ஒரு பொட்டி கொண்டாரனுங்க. விண்டோஸ் போட்டு, பார்கோடு சிடியும் ஏத்தி, எல்லாம் ரெடியா. நாளைக்கு இது மக்கர் பண்ணுச்சுன்னா ஒயரை மாத்திச் சொருகினாப் போதும், ஒருத்தருக்கும் தெரியாது. பாதியில கரண்ட் போன மெஷினை ஃபார்மட் அடிக்கறதத் தவிர வேற வழியில்லீங்க. இதுவரைக்கும் நான் அப்படித்தான் பாத்திருக்கேன்."

அவன் பார்த்த மெஷின்கள் அப்படித்தான் இருந்தன. அதனால் அவன் மேல் தமிழ்மதிக்குக் கோபம் வரவில்லை. முதலாளி தலையாட்டியதில்தான் வருத்தம். "கொண்டா. இவ மொதல்ல பாக்கட்டும். ஆகலைன்னா உன்ற பொட்டிதான், அதுக்கப்புறம் அதேதான்."

வீட்டுக்கு, திருமுருகன்பூண்டிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்: பயமாக இருக்கிறதா? இருந்தது, இல்லையென்று பொய் சொல்வானேன். ஆனால் மெஷினைப் பற்றி இல்லை. அது எழுந்துவிடும்; வீட்டுக் கம்ப்யூட்டரில் மின்வெட்டு புண்ணியத்தில் அவள் இதே கூத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். மனிதர்கள்தான் எப்போது என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. பஸ் பூண்டியில் நின்றபோது, சிற்பப் பட்டறைகளில் உளிச் சத்தமே இல்லை. அங்கேயும் ஆயுதங்களுக்கு ஓய்வு.

விஜயதசமி காலையில் கம்பெனி வாசலில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் காயவில்லை. அங்கமுத்து பட்டுக்கரை வேட்டியில் வந்து இறங்கினார். டெய்லர் மெஷின் ஒன்றை ஓட்டி மஞ்சள் தடவிய துணியில் ஒரு தையல் போட்டார்கள், எல்லோரும் கும்பிட்டார்கள். பிறகு கூட்டம் ஆபீஸுக்கு வந்தது. மேஜைக்கடியில் பூபாலனின் பெட்டி, மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு காத்திருந்தது.

சுப்பையன் மாலையைக் கழற்றினார். கம்ப்யூட்டருக்குப் புதுச் சந்தனம் வைத்தார், விரலைத் துடைக்காமலே சுவிட்சைப் போட்டார். நேற்றுப் பட்டென்று அணைந்ததால் அது தன் உடம்பைத் தானே ஒருமுறை சோதித்துக்கொண்டு, மெதுவாக எழுந்து வந்தது. தமிழ்மதி சொன்ன இடத்தில் முதலாளி தட்டினார். அவள் சொன்னது போலவே பாதியில் நின்றுவிட்டது என்ற சேதி வந்தது.

"பாத்தீங்களா?" என்றான் பூபாலன், வாய்க்குள்.

"இது வருமுன்னு நேத்தே சொன்னனுங்க" என்றாள் தமிழ்மதி.  கம்ப்யூட்டருக்கு நேரடியாகக் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை ஒன்றைத் திறக்கச் சொன்னாள். "இப்ப நான் சொல்ற எழுத்தெல்லாம் அடிங்க."

சுப்பையன் விரலைத் தூக்கினார். உடனே நிறுத்தினார். "மொதல்ல சுழி போட்டுக்கறேன்."

"இதுல வேண்டாங்க. இந்த வரியில சுழி போட்டா மெஷினுக்குப் புரியாது, தப்புன்னு சொல்லிப்போடும்."

அவர் அவளைப் பார்த்தார். வருஷத்தின் முதல் எழுத்து, சுழி இல்லாமல். சம்பந்தி பின்னால் நிற்கிறார். சுழியை விட்டுவிட்டு அவள் சொன்ன எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குத்தினார். அவர் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததே சரியில்லை என்று அவளுக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும்.

வரி முடிந்து என்டர் தட்டியதும் பாஸ்வேர்டு கேட்டது. எல்லோரும் வழக்கம்போலத் திரும்பிக்கொண்டார்கள். தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு முதலாளியின் குரல் எழும்பியது.

"ஏனம்முணி, ஒண்ணும் உழுகலையே? புள்ளியைக் காணோம்!"

"இந்தத் திரையில புள்ளி உழுகாதுங்க. ஒண்ணுமே தெரியாது. நீங்க பாட்டுக்கு அடிச்சு என்டர் தட்டுங்க."

தட்டினார். தவறு, மறுபடி அடி என்றது கம்ப்யூட்டர். மறுபடி அடித்தார். மறுபடியும் தவறு என்றது.

"என்ன மச்சான், உங்க ஊட்டுச் சாவி உங்களுக்கே ஆகலையாட்ட இருக்குது?" என்று அங்கமுத்து சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். சுப்பையனின் காது மடல் சிவந்தது. பூபாலன் குனிந்து பெட்டியின் மேலிருந்த துண்டை எடுத்தான்.

தமிழ்மதி மேஜையருகே வந்தாள். கடை, போர்டு, அவிநாசிபாளையத்து யூனிட்டு எல்லாம் அந்தக் கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டு நின்றன. மெஷின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. பாஸ்வேர்டை அவர் மறக்கிற ஆள் இல்லை, நேற்றுகூட அடித்தார். அப்படியானால் வேறு என்ன? கீபோர்டைப் பார்த்தாள். அவர் விரல் பட்ட கட்டைகளிலெல்லாம் சந்தனம் ஒட்டியிருந்தது. எழுத்துக் கட்டைகளில் இருப்பதில் அதிசயமில்லை. மேலே, எண் கட்டைகளில், ஒரே ஒன்றில் சந்தனம் அப்பியிருந்தது. 2.

அவளும் அவருக்கு எழுத்துச் சொல்லும்போது ஓர் எண்ணைக்கூடச் சொல்லவில்லை. பாஸ்வேர்டிலும் எண் கிடையாது.

அட என் முதலாளி! எல்லோரும் திரும்பி நின்றதும், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சுழியைப் பாஸ்வேர்டுக்கு முன்னால் நைசாகச் செருகிவிட்டார். இரண்டு தடவையும்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே தன் மேலேயே கோபமும் வந்தது. இருபது பேர் முன்னால், நல்ல நாளில், ஒரு மனுஷனைச் சுழி போடாதே என்று சொல்லியிருக்கிறாள். அவர் வேறென்ன செய்வார்? இப்போது "சுழி போட்டதால்தான் ஆகவில்லை" என்று உடைத்துச் சொன்னால் மெஷின் ஓடிவிடும். அவர் முகம் சம்பந்திக்கு முன்னால் என்ன ஆகும்?

"எல்லாரும் மன்னிக்கோணுங்க" என்றாள் உரக்க. "தப்பு என்ற மேலதான். சுழிக்கு எடம் வெக்காம ஆரம்பிச்சுப்போட்டேன். முதல்ல இருந்து வரலாமுங்க."

குனிந்து அந்த பாஸ்வேர்டு கேள்வியை ரத்து செய்தாள். "மொதலாளி, மூணாம் நம்பருக்கு மேல ஒரு குறி இருக்குது பாருங்க, வேலி மாதிரி, நெட்டுக்கு ரெண்டு கோடு, குறுக்க ரெண்டு கோடு. ஷிஃப்டைப் புடிச்சுட்டு அதைத் தட்டுங்க. ஆச்சுங்களா? இப்ப சுழி போடுங்க."

"போடலாமா?"

"தாராளமாப் போடலாமுங்க. அந்தக் குறிக்குப் பின்னாடி என்ன எழுதினாலும் மெஷின் குறுக்க வராது. அந்த வரி அதுக்கில்லை, எழுதறவங்களுக்குன்னே உட்டுருக்கறது."

சுப்பையன் 2ஐ அழுத்தினார். திரையில் பளிச்சென்று விழுந்தது. அதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். என்டர் தட்டினார். கம்ப்யூட்டர் தவறு என்று சொல்லவில்லை, ஒன்றுமே சொல்லவில்லை. மரியாதையாக அடுத்த வரிக்கு நகர்ந்து காத்திருந்தது.

"இனி மொதல்ல அடிச்ச வரியை மறுபடி அடிச்சு, பாஸ்வேர்டை மட்டும் அடிங்க" என்றாள். 'மட்டும்' என்பதை அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அவர் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்தத் தடவை திரை மளமளவென்று ஓட ஆரம்பித்தது. வரி மேல் வரி, நேற்று விட்ட இடத்தில் இருந்து, ஒவ்வொரு துண்டும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கூட்டத்துக்கு அது என்னவென்று தெரியாது. ஆனால் ஓடுகிற மெஷினைப் பார்த்தால் திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் பார்கோடு சாஃப்ட்வேர் திறந்தது. முதலாளி பிரிண்ட் கொடுத்தார். முதல் ஸ்டிக்கர் வெளியே வந்ததும் ரங்காத்தாள் அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

"கோட்டு மேல வெச்சுப்போட்டீங்களே, இனி மெஷின் படிக்காதுங்க" என்று தமிழ்மதி பதற, எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஸ்டிக்கர் சாமி படத்துக்குப் போயிற்று.

பூபாலன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "ஃபார்மட் அடிக்காம எந்திரிச்சுருச்சே!" என்று வெளிப்படையாகவே வியந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அவள் பக்கத்தில் வந்து, "தமிழு, அந்த வரியை எனக்கும் ஒருநா எழுதிக் குடு" என்றான்.

"வாங்கண்ணா, கடைக்கு வாங்க" என்றாள். கடை என்ற சொல் அவளறியாமல் வாயில் வந்துவிட்டது. அவள் திடுக்கிட்டு முதலாளியைப் பார்த்தாள்.

சுப்பையன் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. "மச்சான்" என்றார் அங்கமுத்துவிடம். "இந்தப் புள்ள சொந்தமாக் கடை போடுது. இனி நம்ம கம்ப்யூட்டரெல்லாம் இதோட பொறுப்புதான். உங்க யூனிட்டையும் இதுகிட்ட உட்டுப்போடுங்க."

"ஏன் மச்சான், அத்தனை கெட்டியா வேலை பண்ணுமா?"

"வேலை பண்ண ஊருல ஆளா இல்லை?" என்றார் சுப்பையன். "நம்ம ஊட்டு விசயம் இதுகிட்ட இருந்து வெளிய போகாது. எனக்கு அது போதும்."

அங்கமுத்து அவள் பக்கம் திரும்பினார். "திங்கக்கெழமை வர்றியா கண்ணு?"

"வாரனுங்க" என்றாள் தமிழ்மதி.  

எல்லோரும் பலகாரம் சாப்பிடப் போனார்கள். அவள் மட்டும் ஒரு பனியன் துணியை எடுத்துக்கொண்டு கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். எந்தெந்தக் கட்டையில் சந்தனம் இருக்கிறது என்று யாராவது நின்று பார்த்தால் முதலாளியின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிடலாம். அவள் பார்க்காமல், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, எழுத்து வரிசைகளை அழுத்தித் துடைத்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். மேல் வரிசையில் 2இன் மேல் சந்தனம் அப்படியே இருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.